காண்பதும் எடுப்பதும்

நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வரும் ஒரு சொல் ‘கண்டெடுப்பு’. முதுமக்கள் தாழி கண்டெடுப்பு, பழங்காலக் காசு கண்டெடுப்பு, ஐம்பொன் சிலை கண்டெடுப்பு. இந்தச் சொல்லுக்குள் இரண்டு வினைகள் இருக்கின்றன. ஒன்று காண்பது, இன்னொன்று எடுப்பது. தமிழ் இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக்கி வைத்திருப்பதால், ஒரே செயலின் முன்பாதியும் பின்பாதியும் போல அவை தோன்றுகின்றன. கண்டால் எடுக்க வேண்டியதுதானே, அதில் என்ன யோசனை?

யோசனை இருக்கிறது. நான் தொல்லியல் படித்தவன் இல்லை. பொறியியல் படித்து மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். சில வருடங்களாக, ஓய்வு கிடைக்கும் ஞாயிறுகளில், என்னைப் போலவே வேறு வேலைகளில் இருக்கும் நான்கைந்து பேரோடு பழைய மேடுகளையும் குன்றுகளையும் பார்க்கப் போகிறேன். ஒரு வங்கி ஊழியர், இரண்டு பள்ளி ஆசிரியர்கள், ஒரு மருந்துக்கடைக்காரர், நான். எங்களிடம் அனுமதியும் கிடையாது, பட்டமும் கிடையாது. ஆர்வம் மட்டும் இருக்கிறது. அந்த ஆர்வத்துக்கு என்ன உரிமை, என்ன கடமை என்பதுதான் என் கேள்வி. காலடியில் கிடக்கும் ஒரு பானை ஓட்டை நான் எடுக்கலாமா?

இடம் என்ற தகவல்

ஆர்வலர்களின் பரம்பரையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், சரளை வெட்டிய ஒரு குழியில், மனிதக் கை செதுக்கிய ஒரு கல்லை அவர் அடையாளம் கண்டார். இந்தியாவின் பழைய கற்காலம் பற்றிய ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர் வேலை பார்த்தது இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில். அவருக்குச் சம்பளம் பாறைகளை ஆராய்வதற்குத்தான். கற்கருவிகள் அவரது சொந்த ஆர்வம். அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில், வில்லியம் கிங் என்ற சக ஊழியரோடு இன்னும் பல கருவிகளைக் கண்டார்.

ஃபூட் கண்டார், எடுக்கவும் செய்தார். ஆனால் எடுத்ததோடு, எங்கே எடுத்தோம் என்பதை விடாமல் எழுதிவைத்தார். நிலவியலாளர் ஆயிற்றே, மண் அடுக்கைப் பார்க்காமல் கல்லை மட்டும் பார்க்க அவருக்குத் தெரியாது. அவர் சேகரித்தவை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. இடவாரியான அவரது பட்டியல், அவர் 1912இல் இறந்த பிறகு அச்சானது.

அந்தக் குறிப்புகளின் அருமை நூற்று முப்பது ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 1999 முதல் சாந்தி பப்புவும் அவரது குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு செய்தார்கள். 2011இல் வெளியான அவர்களது ஆய்வு, அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது சொன்னது. அதை அவர்கள் கணக்கிட்ட வழிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. தரைமேல் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில் அண்டக்கதிர்கள் பட்டு அலுமினியம், பெரிலியம் இவற்றின் அரிய வகை அணுக்கள் உண்டாகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் புதிதாக உண்டாவது நின்றுபோகும். ஏற்கெனவே உண்டானவை வேறு வேறு வேகத்தில் அழியத் தொடங்கும். மிச்சமிருக்கும் விகிதத்தை அளந்தால், கல் எவ்வளவு காலம் இருட்டில் கிடந்தது என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கு நடக்க ஒரே ஒரு நிபந்தனை. கல் தன் அடுக்கில் அசையாமல் கிடந்திருக்க வேண்டும். 1863இல் அண்டக்கதிர் என்ற சொல்லே கிடையாது. அன்றைய அறிவால் சொல்லியிருக்கவே முடியாத ஒன்றை, அன்று எடுக்கப்படாமல் மண்ணுக்குள் மிஞ்சிய கற்கள் பின்னால் சொல்லின. ஒரு பொருளை எடுக்காமல் விட்டு வருவது, இன்னும் கண்டுபிடிக்கப்படாத கருவிக்கும் இன்னும் பிறக்காத ஆய்வாளருக்கும் வாய்ப்பை விட்டுவைப்பது.

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். இரவில் சர்வர் விழுந்துவிட்டால் நாங்கள் முதலில் தேடுவது லாக் கோப்பை. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எதற்குப் பின்னால் எது என்று அதில் வரிசையாக இருக்கும். யாராவது ஒருவர் அதிலிருந்து சுவாரசியமான ஒரே ஒரு வரியை மட்டும், நேரத்தை விட்டுவிட்டு, வெட்டி அனுப்பினால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வரி உண்மையானதுதான். அதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்பது போய்விட்டது. வீட்டு ஷோகேஸில் இருக்கும் கருப்பு சிவப்புப் பானை ஓடு அப்படிப்பட்ட ஒரு வரி.

வேறு சில எடுத்தல்கள்

அப்படியானால் ஆர்வலர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? அவருக்குக் கற்க என்ன மிஞ்சும்?

நிறையவே மிஞ்சும். எடுத்தல் என்ற சொல்லைத் தமிழ் இன்னும் பல இடங்களில் புழங்குகிறது. படம் எடுக்கிறோம், குறிப்பு எடுக்கிறோம், அளவு எடுக்கிறோம், கல்வெட்டை மைப்படி எடுக்கிறோம். இந்த எடுத்தல்களில் எதிலும் பொருள் நகர்வதில்லை. நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித்தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மையை ஒற்றினால், கருப்புப் பரப்பில் வெள்ளை எழுத்தாகக் கல் தாளுக்கு வந்துவிடும். கல் அங்கேயே இருக்கும். நாளை இன்னொருவர் வந்து என் வாசிப்பு சரிதானா என்று பார்க்கலாம். அறிவுக்கு இதைவிட நாணயமான ஒரு வடிவம் எனக்குத் தெரியவில்லை. எடுத்தவன் கையில் நகல் இருக்கும், அவனைத் திருத்துவதற்கான மூலம் ஊரிலேயே இருக்கும்.

இதைக் கற்றுக்கொள்ள இன்று வழிகள் இருக்கின்றன. 1890இல் தொடங்கிய ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளை இணையத்தில் படிக்கலாம். கையில் அச்சு வாசகத்தை வைத்துக்கொண்டு கோயில் சுவருக்கு முன்னால் நின்று ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டால், சில மாதங்களில் சோழர்காலத் தமிழ் எழுத்து கண்ணுக்குப் பிடிபடத் தொடங்கும். தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழ் புதிதாகக் கண்டறியப்படும் கல்வெட்டுகளை வெளியிடுகிறது. மதுரைப் பக்கம், குன்றுகளைக் கல்குவாரிகள் தின்றுகொண்டிருந்த காலத்தில், எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனின் முன்னெடுப்பில் 2010 வாக்கில் ‘பசுமை நடை’ தொடங்கியது. சமணர் படுக்கைகளுக்கும் தமிழிக் கல்வெட்டுகளுக்கும் சாதாரணக் குடும்பங்கள் குழந்தைகளோடு நடந்து போனார்கள். பாறையில் உட்கார்ந்து அறிஞர்கள் பேசுவதைக் கேட்டார்கள். அவர்கள் அங்கிருந்து எதையும் கொண்டுவரவில்லை. குன்று என்றால் வெறும் ஜல்லி இல்லை என்று சொல்ல ஆயிரம் பேர் உருவானார்கள். அதைவிடப் பெரிய காவல் எதுவும் ஒரு மலைக்குக் கிடையாது.

தொல்லியலை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளாமலே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஐராவதம் மகாதேவன் போதும். ஆட்சிப் பணி அதிகாரியாக இருந்தவர். தமிழிக் கல்வெட்டுகளைக் குகை குகையாக ஏறிப் பார்த்து, பல பத்தாண்டு உழைப்பை 2003இல் நூலாக்கினார். குகைகளில் படித்த எழுத்துகளை அவர் பாறையிலேயே விட்டுவந்தார்.

இன்னொரு எடுத்தலையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் நடைகளில் அதைத்தான் அதிகம் பார்க்கிறேன். பெருமை எடுத்தல். ஒரு கல்வெட்டில் தன் சாதிப்பெயர் போல ஒலிக்கும் ஒரு சொல் வந்தால் போதும், அதை மட்டும் வட்டமிட்டு வாட்ஸப்பில் போட்டுவிடுவார்கள். மீதி இருபது வரியில் நிலவரியும் நீர்ப்பங்கும் விளக்கெரிக்க விட்ட ஆடுகளும் இருக்கும். அவற்றை யாரும் படிப்பதில்லை. ஒரு பானை ஓட்டிடம் ‘நீ யாருடையவன்?’ என்று கேட்டால் அது பதில் சொல்லாது. ‘எப்படிச் சுட்டார்கள், எதைச் சமைத்தார்கள், எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால் சொல்லும். ஓட்டைப் பையில் போட்டுக்கொள்கிறவனும் பெருமையை மட்டும் பொறுக்கிக்கொள்கிறவனும் எனக்கு ஒரே ஆளாகத்தான் தெரிகிறார்கள். இரண்டு பேருமே சுற்றி இருப்பதை விட்டுவிட்டுத் தனக்கு வேண்டியதை உருவிக்கொள்கிறார்கள்.

ஜேசிபி கேட்கும் கேள்வி

இதுவரை சொன்னது சுலபமான பாதி. எடுக்காதே, குறித்துவை, கிளம்பு. ஆனால் நீ குறித்துவிட்டுக் கிளம்பிய மறுநாள் காலை ஜேசிபி வந்தால்?

இது கற்பனை இல்லை. ஊர் ஓரத்து மேடுகள்தான் முதலில் மனைப்பிரிவாக மாறுகின்றன. வண்டல் எடுக்கிறோம் என்று கண்மாய்க்கரை ஈமக்காடுகள் லாரியில் ஏறுகின்றன. எடுத்தால் இடம் என்ற தகவல் போகும், எடுக்காவிட்டால் பொருளும் சேர்ந்தே போகும் என்ற நிலையில், ‘தொடாதே’ என்பது ஒழுக்கமா, இல்லை கையைக் கழுவிக்கொள்வதா?

2006இல் மயிலாடுதுறை அருகே செம்பியன் கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் தன் வீட்டுக் கொல்லையில் வாழையும் தென்னையும் வைக்கக் குழி தோண்டும்போது இரண்டு கற்கோடரிகள் கிடைத்தன. அவருக்குத் தொல்லியலில் ஆர்வம் இருந்ததால், தொல்லியல் துறையில் இருந்த நண்பருக்கு உடனே சொல்லி, அவற்றை ஒப்படைத்தார். ஒன்றில் சில குறிகள் இருந்தன. அவை சிந்துவெளி எழுத்து என்று ஐராவதம் மகாதேவன் வாசித்தார். வேறு அறிஞர்கள் ஏற்கவில்லை. விவாதம் முடியவில்லை. அந்தக் கோடரி எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்று தெரிந்திருந்தால் விவாதத்துக்குக் கால் ஊன்ற ஓர் இடம் இருந்திருக்கும். வாழைக்குழி அதைச் சொல்லாது.

ஆசிரியர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர் எதையும் தேடிப் போகவில்லை. கிடைத்ததை மறைக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. கொல்லையில் குழி தோண்டும் ஒருவர் செய்யக்கூடியதில் ஆகச் சிறந்ததைச் செய்தார். அப்படியும் ஒரு பகுதி இழப்பு நேர்ந்தது. எனக்கு இதில் பிடிபடுவது இதுதான்: நாம் நல்லவர்களாக இருப்பது மட்டும் ஒரு பொருளைக் காப்பாற்றப் போதாது. சரியான நேரத்தில் சொல்ல ஓர் ஆளும், சொன்னால் வந்து பார்க்க ஓர் அமைப்பும் வேண்டும். அந்த ஆசிரியருக்கு ஒரு நண்பர் இருந்தார். பெரும்பாலான ஊர்களில் அந்த நண்பர் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1878இல் வந்த புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மதிப்பு என்றால் இங்கே பணம். ஒரு கைப்பிடி ஓடு, ஒரு துண்டு இரும்புக் கசடு, கருகிய நெல் இவற்றுக்கெல்லாம் சந்தையில் பத்து ரூபாய் யார் கொடுப்பார்கள்? ஆனால் ஓர் ஊரின் வயதைச் சொல்பவை அவைதான். இங்கிலாந்தில் 1997இலிருந்து ஒரு திட்டம் நடக்கிறது. வயலில் எதையாவது பார்த்த பொதுமக்கள் அதை அந்தப் பகுதி அலுவலரிடம் காட்டலாம். அவர் இடத்தோடு பதிவு செய்துவிட்டு, புதையல் இல்லை என்றால் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படிப் பதிவானவை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. அதிலும் சிக்கல் உண்டு. உலோகம் தேடும் கருவியோடு அலைகிறவர்களை அது ஊக்குவிக்கிறது என்ற விமர்சனம் இருக்கிறது. ஆனாலும் ஒன்றை அது புரிந்துவைத்திருக்கிறது. சாதாரண மனிதரிடம் கேட்க வேண்டியது பொருளை அல்ல, தகவலை.

நீ பாத்தத மறந்துருவியா?

போன வருடம் சிவகங்கைப் பக்கம் ஓர் ஊரில் நடந்தது. ஊர்ப்பெயரைச் சொல்லப்போவதில்லை, காரணம் போகப்போகத் தெரியும். சோளம் அறுத்த ஒரு மேட்டுக்காட்டின் ஓரத்தில் நான்கு தாழிகளின் வாய் வட்டங்கள் தெரிந்தன. சுற்றிலும் ஓடுகள். நாங்கள் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, ஜிபிஎஸ் குறித்துக்கொண்டிருந்தபோது நிலத்துக்காரர் வந்தார். எழுபது வயது இருக்கும்.

“என்ன தம்பி தேடுறீக? தங்கமா?”

“இல்லைங்கய்யா. இந்தத் தாழியப் பார்த்துக்கிட்டு இருந்தோம். எடுக்க மாட்டோம், படம் மட்டும்தான்.”

“தாழிதான? எங்க அய்யா காலத்துலயே தெரியும். அங்கிட்டு உழுதா கொழு உக்காரும். இத நாங்க தாழிக்காடுன்னுதான் சொல்றது.” கொஞ்சம் நின்று, “பேப்பர்ல போடுவீகளா?” என்றார்.

மருந்துக்கடை நண்பர், “போட்டா ஊருக்குப் பெருமைதானய்யா” என்றார்.

“பெருமைய வச்சு நான் என்ன செய்ய? கெவர்மெண்டு நெலத்தப் புடுங்கிரும்ங்கிறாக. மகளுக்கு இதுல பாதிய எழுதி வைக்கணும் நான். நீ பாத்தத மறந்துருவியா தம்பி?”

இந்தக் கேள்வி என்னை அன்றைக்கு விடவில்லை. படம் எடுப்பது, குறிப்பு எடுப்பது எல்லாம் எதையும் நகர்த்தாத எடுத்தல்கள் என்று மேலே எழுதினேன். பொருளைப் பொறுத்தவரை அது உண்மை. இந்த மனிதரைப் பொறுத்தவரை இல்லை. அவர் நிலத்தைப் பற்றிய ஒரு தகவல் இப்போது என் போனில் இருக்கிறது. அது வெளியே போனால் முதலில் வருவது ஆய்வாளராகத்தான் இருக்கும் என்று யார் உறுதி சொல்வது? தாழிக்குள் தங்கம் இருக்கும் என்று நம்பி ராத்திரியில் கடப்பாறையோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு யூடியூப் வீடியோவுக்கு இடத்தைச் சொல்லிவிட்டால் போதும். நான் கண்டேன் என்பதாலேயே அதைச் சொல்லும் உரிமை எனக்கு வந்துவிடுமா?

அதைவிட, நான்தான் ‘கண்டேன்’ என்பதே சரியா? அந்த இடத்துக்குத் தாழிக்காடு என்று பெயர் இருக்கிறது. கீழடியில் அகழாய்வு நடந்த மேட்டை ஊர்மக்கள் பள்ளிச்சந்தைத் திடல் என்று அழைத்தார்கள். கற்திட்டைகளைப் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் சொல்லும் ஊர்கள் எத்தனையோ. காலம் தப்பாக இருக்கலாம், கதை வேறாக இருக்கலாம். இது சாதாரண மேடு இல்லை என்பது பெயரிலேயே இருக்கிறது. நாம் செய்திகளில் கண்டுபிடிப்பு என்று போடுவது, பெரும்பாலும் ஊருக்குத் தெரிந்த ஒன்றை நகரத்துக்குத் தெரியப்படுத்துவதுதான்.

தாழி என்பது ஈமப்பொருள் என்பதையும் மறக்கக் கூடாது. 1876இல் ஆதிச்சநல்லூரில் தோண்டிய யாகோர், எடுத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அவற்றைப் புதைத்தவர்கள் ஆய்வுக்காகப் புதைக்கவில்லை. யாரோ தன் தாயையோ பிள்ளையையோ, சோறும் நீரும் வைக்கக் கலங்களோடு, மண்ணுக்குள் இறக்கினார்கள். இன்று அவர்கள் சார்பில் சம்மதம் சொல்ல யாரும் இல்லை. மிச்சம் இருப்பவர் அந்த மண்ணை உழுகிறவர் ஒருவர்தான். அவரிடமாவது கேட்க வேண்டும்.

பெரியவரிடம் நாங்கள் தெரிந்ததைச் சொன்னோம். கீழடியில் தனியார் தென்னந்தோப்புகளில்தான் தோண்டினார்கள், உரிமையாளரிடம் சம்மதம் கேட்டார்கள், ஓடு கிடைத்ததற்காக மட்டும் ஒருவர் நிலத்தை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றோம். அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. எங்களாலும் அரசாங்கத்துக்காக வாக்குக் கொடுக்க முடியாது. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். படத்தை எங்கும் போட மாட்டோம். தாழிகளின் இருப்பிடத்தை அளந்து ஒரு வரைபடம் போட்டு, ஒரு பிரதியை அவரிடமே கொடுப்போம். மகளுக்கு நிலத்தைப் பிரிக்கும்போதோ விற்கும்போதோ, மண்ணைப் புரட்டுவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு போன் செய்ய வேண்டும். அப்போது தொல்லியல் துறைக்கு அவரும் நாங்களும் சேர்ந்து எழுதுவோம்.

இது முழுமையான தீர்வு இல்லை என்று தெரியும். போன் வராமல் போகலாம். எழுதிய கடிதத்துக்குப் பதில் வராமல் போகலாம். உடனே தகவல் சொல்லியிருக்க வேண்டும், ஒரு தனி மனிதரின் பயத்துக்காக ஒரு பொதுச் சொத்தைப் பணயம் வைக்கிறீர்கள் என்று எங்கள் குழுவிலேயே வங்கி நண்பர் வாதிட்டார். அந்த வாதத்தில் பலம் இருக்கிறது. மேட்டில் அன்றைக்கே ஜேசிபி நின்றிருந்தால் நானும் அவர் பக்கம்தான். அழிவு கண்முன் நிற்கும்போது சம்மதத்துக்காகக் காத்திருப்பது கடமையைத் தட்டிக்கழிப்பது. ஆனால் அவகாசம் இருக்கும்போது அந்த அவகாசத்தை மனிதருக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தன் நிலத்தில் இருப்பதைத் தன்னுடையது என்று உணரும் ஒருவர் அதைக் காக்கும் அளவுக்கு எந்த வேலியும் காக்காது. அவரைத் தாண்டிப்போய்ப் பதிவு செய்தால், அவர் முதலில் செய்வது ஒருவேளை இரவோடு இரவாக மேட்டைத் தட்டையாக்குவதாக இருக்கும்.

ஆக, ஓட்டை எடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது. இடத்தைக் குறிக்க வேண்டும், கற்றுக்கொள்ள வேண்டும், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுதலும் ஓர் எடுத்தல்தான் என்பதால், கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து வரைபடத்தைக் கொடுக்கப் போனோம். பெரியவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் அதை விரித்துவைத்து வெகுநேரம் பார்த்தார். நான்கு வட்டங்களையும் விரலால் தொட்டு எண்ணினார்.

“இது தப்பு தம்பி” என்றார்.

“எதுங்கய்யா?”

“நாலுன்னு போட்டுருக்க. ஆறு. கெணத்து மேட்டுல ரெண்டு இருக்கு, செடி மூடிக் கெடக்கும். வா, காட்டுறேன்.”